யாருடைய வயர், யாருடைய ஆட்டம்: வீட்டு வலைப்பின்னல் விளையாட்டின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் வரலாறு என்று எழுதப்பட்டிருப்பவற்றை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் இரண்டு கதைகளில் அடங்கிவிடுகின்றன. ஒன்று மேதைகளின் கதை: தூக்கம் கெட்டுப் புரோகிராம் எழுதிய இளைஞன், பிற்பாடு அவன் வாங்கிய சிவப்புக் கார். மற்றது பிம்பத்தின் கதை: திரையில் புள்ளியாக இருந்தது கோடாகி, கோடு உருவமாகி, உருவத்துக்கு வியர்வை வழிந்த கதை. இரண்டிலும் வயர் கிடையாது. ஒரு மெஷினை இன்னொரு மெஷினோடு சேர்த்துக் கட்டிய அந்த வயரை யார் போட்டார்கள், யார் காசில் போட்டார்கள், ஆட்டத்தில் தகராறு வந்தால் எந்த மெஷின் சொன்னது செல்லுபடியானது என்று கேட்கத் தொடங்கினால் வேறொரு வரலாறு தட்டுப்படுகிறது. பார்வைக்குத் தொழில்நுட்ப வரலாறு மாதிரி இருக்கும். உள்ளே போனால் உடைமைத் தகராறு.

ஹாய்சிங்கா 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் விளையாட்டு என்பது அன்றாட வாழ்விலிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒரு களத்துக்குள் நடப்பது என்கிறார். களம் பிரிக்கப்படுகிறது, சரி. கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவரிடம் பெரிதாக இடமில்லை. கில்லி ஆடுகிறவனுக்குத் தெருதான் களம், அதில் வண்டிக்காரன் வந்தால் ஒதுங்கிக்கொண்டு மறுபடி ஆடுவான். கம்ப்யூட்டர் ஆட்டத்தின் களமோ யாரோ செய்து யாரோ விற்கிற பண்டம். அதனால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

*

1973-74 வாக்கில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இம்லாக் என்ற மெஷினில் ஸ்டீவ் காலி, ஹோவர்ட் பால்மர், கிரெக் தாம்சன் ஆகியோர் சேர்ந்து செய்த 'மேஸ்' என்ற ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். முதலில் அது வெறும் சந்துபொந்துகளில் சுற்றி வெளியே வரும் புதிர்ப்பாதை. ஒருத்தன் எத்தனை தடவைதான் தனியாகச் சுற்றுவான்? இரண்டு இம்லாக் மெஷின்களுக்கு நடுவே ஒரு சீரியல் கேபிளைப் போட்டார்கள். ஒருத்தர் கண்ணுக்கு இன்னொருத்தர் சந்து முனையில் தெரிந்தார். சுடுவது அதற்குப் பிறகு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் தனிமை, பிறகு வயர், பிறகுதான் துப்பாக்கி. வன்முறையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் விமர்சகர்கள் இந்த நடு அடியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1974இல் தாம்சன் அதை எம்.ஐ.டி.க்குக் கொண்டுபோனார். அங்கே டேவ் லெப்லிங் பெரிய பி.டி.பி.-10 கணிப்பொறியை நடுவில் உட்கார வைத்து எட்டுப் பேர் ஆடும்படி செய்தார். ஆக, நேருக்கு நேர் வயர், நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் மெஷின் என்ற இரண்டு அமைப்புகளும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்தவை. முன்னது அப்பாவி, பின்னது சூழ்ச்சி என்று பிரித்துவிட முடியாது.

அதே 1973ஆம் ஆண்டு மே 22 அன்று, நம்மூரில் நகல் கடைக்கே பெயராகிப்போன ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 'ஈதர்நெட்' பற்றிய குறிப்பை எழுதுகிறார். எல்லா மெஷினும் ஒரே கேபிளில் தொங்கும். பேச நினைக்கிற மெஷின் முதலில் காதுகொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லையென்றால் பேசும். இருவர் ஒரே நொடியில் பேசி மோதிக்கொண்டால் இருவருமே நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து, மறுபடி தொடங்குவார்கள். முறை வைத்துக் கொடுக்க மணியக்காரர் கிடையாது. டீக்கடை பெஞ்சுப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் இந்த பெஞ்சு போடப்பட்டது ஆபீசுக்காக. பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ள, ஃபைலைப் பகிர்ந்துகொள்ள. நாவெல் கம்பெனியின் நெட்வொர்க் மென்பொருள் 1980களில் அலுவலகங்களுக்குள் புகுந்தபோது அதோடு கூடவே 'ஸ்னைப்ஸ்' என்று எழுத்துருக்களாலேயே வரையப்பட்ட ஒரு ஆட்டமும் (1983) வந்தது. வயர் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்கு ஆட்டத்தைவிடச் சுலபமான வழி இல்லை. ஆட்டம் அங்கே எடுபிடியாக, சோதனைக் கருவியாகத்தான் உள்ளே நுழைந்தது.

வீட்டுப் பக்கம் முதலில் வந்த வயர் இசைக்கானது என்பது வேடிக்கை. அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டரில் கீபோர்டு வாத்தியங்களை இணைப்பதற்கென்று மிடி துளைகள் இருந்தன. 1987இல் வந்த 'மிடி மேஸ்' அவற்றைத் திருடிக்கொண்டது. ஒரு மெஷினின் வெளித்துளையிலிருந்து அடுத்ததன் உள்துளைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு என்று வளையமாகக் கட்டினால் பதினாறு பேர் வரை ஆடலாம். சிரிக்கும் மஞ்சள் உருண்டைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். ஒரு கருவியை அது செய்யப்பட்ட காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்குத் திருப்பிக்கொள்வது எளியவர்களின் பழக்கம். பழைய டயரில் செருப்புத் தைப்பது மாதிரி. வீட்டு நெட்வொர்க்கின் முதல் பத்து வருஷம் முழுக்க இந்தத் திருப்பல்தான்.

*

1993 டிசம்பர் 10 அன்று டெக்சாஸைச் சேர்ந்த ஐடி சாஃப்ட்வேர் 'டூம்' ஆட்டத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வர் ஒன்றில் ஏற்றியது. முதல் பாகம் இலவசம். யாரும் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், அதை வைத்தே நாலு பேர் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடலாம். நாவெலின் ஐ.பி.எக்ஸ். என்ற ஆபீஸ் மொழியைத்தான் ஆட்டமும் பேசியது. அதனால் அது முதலில் ஆடப்பட்ட இடங்கள் வயர் ஏற்கெனவே இருந்த இடங்கள்: கல்லூரி ஆய்வுக்கூடம், ஆறு மணிக்கு மேல் ஆபீஸ்.

வந்த வேகத்தில் தடையும் வந்தது. முதல் பதிப்புகள் ஒவ்வொரு அசைவையும் நெட்வொர்க்கில் இருக்கும் எல்லா மெஷின்களுக்கும் சேர்த்துக் கூவின. ஆட்டத்தில் இல்லாத குமாஸ்தாவின் மெஷினும் வேலையை நிறுத்திக் காது கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் 'டூம்' கூடாது என்று நோட்டீஸ் ஒட்டின. 1994 பிப்ரவரியில் வந்த 1.2ஆம் பதிப்பு கூவலை நிறுத்தி, சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும் பேசியது. கூடவே மோடம் வழியாகவும், இரண்டு மெஷினை நேரடியாக இணைக்கும் 'நல் மோடம்' கேபிள் வழியாகவும் ஆட வழி செய்தது. இந்தக் கேபிளின் சூட்சுமம் சின்னது: ஒரு முனையின் இரண்டாம் ஊசி மறு முனையின் மூன்றாம் ஊசிக்கும், மூன்றாவது இரண்டாவதுக்கும் போகும். ஒருத்தன் வாய் மற்றவன் காதில். ஆபீஸ் விரட்டியதும் ஆட்டம் வீட்டுக்கு வந்தது என்று நேர்க்கோடாகச் சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் இன்டர்நெட்டைப் பகிர்ந்துகொள்ளும் தேவை வருவதற்கு முன்பே பலர் வீட்டுக்குள் நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டதற்குக் காரணம் ஆட்டம்தான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இன்றைக்குப் பிடிபடாது. என்.இ.2000 வகைக் கார்டு. கம்பெனியிலிருந்து வரும்போது மூன்றாம் நம்பர் இன்டரப்ட்டில் இருக்கும். அது இரண்டாவது சீரியல் துளைக்கு உரியது, அதில் மவுசோ மோடமோ செருகியிருந்தால் தொலைந்தது. சரி, ஐந்துக்கு மாத்துவோம் என்றால் அங்கே சவுண்ட் பிளாஸ்டர் குந்தியிருக்கும். கார்டு ஒத்துக்கொண்டால் டாஸில் மூன்று சிறு புரோகிராம்களை வரிசை தப்பாமல் ஏற்ற வேண்டும். மூன்றும் சேர்ந்து 640 கே நினைவகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சம் போதாமல் ஆட்டம் படுத்துக்கொள்ளும். பிறகு கேபிள். டி.வி. கேபிளின் தம்பி மாதிரி கறுப்பாக ஒரு கோஆக்சியல். ஒவ்வொரு மெஷின் முதுகிலும் 'டி' வடிவ இணைப்பு. கேபிளின் இரண்டு கடைசியிலும் ஐம்பது ஓம் டெர்மினேட்டர் மூடி. இவற்றில் எங்காவது ஒன்று லேசாகக் கழன்றால் அந்த இடத்தில் மட்டும் அறுபடாது, மொத்த நெட்வொர்க்கும் செத்துவிடும். யார் காலில் வயர் இடறியது என்று நாலு பேரும் மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார்கள். மாலை ஏழு மணிக்குக் கூடியவர்கள் ஆடத் தொடங்க நள்ளிரவு ஆவது சாதாரணம்.

தனித்தனியாக ஹப்பிலிருந்து ஆளுக்கொரு கேபிள் இழுக்கிற முறைக்கு 1990இலேயே தரநிர்ணயம் வந்துவிட்டாலும் அதன் விலை வீட்டுக்கு இறங்க நாளாயிற்று. அது வந்தபின் ஒருத்தன் பாதியில் எழுந்து போனால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வசதிதான். பழைய கேபிளில் கடைசியில் உட்கார்ந்தவன் மூடியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது, எல்லாரும் முடித்தால்தான் அவனும் முடிக்கலாம். இதைப் பொதுவுடைமை என்று சொல்லிப் புல்லரித்துக்கொள்ள வேண்டாம், பாதி நேரம் அது கடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

*

'வீடு' என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடக்கூடாது. கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு நண்பன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கூடுவது என்பதற்குக் கார் வேண்டும், கீழ்த்தளம் வேண்டும், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வேண்டும். 1996இல் டெக்சாஸின் கார்லண்டில் ஓட்டல் ஒன்றில் நூறு பேரளவில் தங்கள் மெஷினோடு வந்து கூடிய முதல் 'குவேக்கான்' வரைக்கும் இந்த வட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். ராத்திரி முழுக்க நாலு பையன்கள் விழித்திருக்கும் வீட்டில் காபி போட்டது யார் என்று எந்த நினைவுக்குறிப்பும் பதியவில்லை.

தமிழ்நாட்டில் அந்த வருஷங்களில் 'வீட்டு நெட்வொர்க்' என்ற சொற்சேர்க்கைக்கே பொருள் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் இருந்த வீடே தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். 2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடியவர்களுக்கு அந்தப் பலகைத் தடுப்புகளுக்கு நடுவேதான் வீடு. வயர் சென்டர்காரருடையது, சிடி ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ எழுதிக் கொடுத்தது. கொரியாவின் 'பிசி பாங்' கடைகளும் இதே இடைவெளியில்தான் செழித்தன. உடைமை பற்றிப் பேசும்போது நாம் அந்தக் கீழ்த்தளத்தைக் கனவு காணத் தேவையில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

*

'டூம்' உள்ளே எப்படி இயங்கியது என்பதில் இருக்கிறது. நாலு மெஷின் சேர்ந்தால் அதில் எதுவும் தலைமை கிடையாது. ஒவ்வொரு மெஷினும் முழு உலகத்தையும் தானே கணக்கிடுகிறது: சுவர், பேய், குண்டு, ரத்தம் எல்லாம். வயரில் போவது நாலு பேரும் என்ன விசையை அழுத்தினார்கள் என்ற தகவல் மட்டும்தான், நொடிக்கு 35 தடவை. எல்லாருடைய விசையும் வந்து சேர்ந்தால்தான் உலகம் ஒரு அடி நகரும். ஒருத்தன் மெஷின் சவலையாக இருந்தால் மற்ற மூவரும் அவனுக்காக நிற்க வேண்டும். கணக்கு எங்காவது பிசகி ஒரு மெஷினின் உலகம் மற்றவற்றிலிருந்து விலகினால் எது சரி என்று சொல்ல ஆளில்லை. முரண்பாடு என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு ஆட்டம் முடிந்துவிடும். தாயக்கட்டையில் எண்ணிக்கைத் தகராறு வந்து காயைக் கலைத்துவிட்டு எழுவது மாதிரி. உண்மை என்பது அங்கே நாலு பேரின் உடன்பாடு. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறான், முதுகில் ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது.

இந்த அமைப்பு ஒரே அறைக்குள் இருக்கும் வயருக்குத்தான் பொருந்தும். தொலைபேசிக் கம்பி வழியாக இன்டர்நெட்டில் ஆடினால் மெதுவானவனுக்காகக் காத்திருப்பதிலேயே பொழுது விடிந்துவிடும். 1996 ஜூனில் வந்த 'குவேக்' ஆட்டத்தில் ஜான் கார்மாக் இதை மாற்றினார். உலகம் இனி ஒரே இடத்தில், சர்வரில். உன் மெஷின் 'நான் இந்தப் பக்கம் போக விரும்புகிறேன்' என்று விண்ணப்பம் அனுப்பும், சர்வர் 'நீ இங்கே இருக்கிறாய்' என்று பதில் சொல்லும். அதற்குள் தாமதம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'குவேக்வேர்ல்ட்' தாமதத்தை மறைக்க ஒரு வழி செய்தது: பதில் வரும்வரை காத்திராமல் உன் மெஷின் தானே ஊகித்து உன்னை நகர்த்திக் காட்டும், தப்பாக இருந்தால் பிற்பாடு சர்வர் இழுத்துச் சரிசெய்யும். ஆட்டக்காரனின் திரையில் இருப்பது இப்போது உலகம் அல்ல, உலகத்தைப் பற்றிய ஊகம். இதை வைத்துத் தத்துவம் பேசலாம், ஆசை இருக்கிறது, விட்டுவிடுகிறேன். முக்கியம் என்னவென்றால் அந்த சர்வர் புரோகிராம் யாரிடமும் இருந்தது. உன் வீட்டு மெஷினிலேயே ஓட்டலாம். பேட் கொண்டுவந்தவன் முதலில் பேட்டிங் பிடிப்பான் என்பது மாதிரி, சர்வர் யார் மெஷினில் ஓடுகிறதோ அவனுக்குத் தாமதமே இல்லாத சலுகை உண்டு. பரவாயில்லை, நாளைக்கு இன்னொருத்தன் பேட் கொண்டுவருவான்.

பேட் எப்படிக் கைமாறியது? சதி என்று சொல்லிவிட்டால் சுலபம். முகவரிப் பஞ்சம் ஒரு காரணம். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் 192.168 என்று தொடங்குவது போன்ற சில முகவரிகளை உள்வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கியது. ஒரே எண் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கலாம்; வெளியுலகத்துக்கு அது தெரியாது. பிராட்பேண்ட் வந்து, வீட்டு ரவுட்டர் வந்து, மொத்த வீடும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உள்ளே இருந்து யாரையும் கூப்பிடலாம். வெளியே இருந்து உன்னைக் கூப்பிட முடியாது, நீ ரவுட்டருக்குள் புகுந்து கதவைத் திறந்து வைத்தால் ஒழிய. வீடு சர்வராக இருப்பது திடீரென்று நிபுணர் வேலையாகிவிட்டது. அந்த இடத்தில்தான் 'நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எங்கள் சர்வருக்கு வா' என்ற குரல் இனிமையாகக் கேட்டது.

அந்தக் குரல்களில் பெரியது பிளிஸ்ஸார்டு கம்பெனியின் 'பேட்டில்.நெட்'. 1998இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' இன்னும் இரண்டு மனசாகத்தான் இருந்தது: ஒரே சிடியிலிருந்து எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆட அதிலேயே வழி வைத்திருந்தார்கள், வீட்டு நெட்வொர்க்கிலும் ஆடலாம். அதே 1998இல் சில தன்னார்வலர்கள் பேட்டில்.நெட் போலவே இயங்கும் ஒரு சர்வரைத் தாங்களாக எழுதத் தொடங்கினார்கள். பின்னர் 'பிநெட்டி' என்று பெயர் பெற்றது. இலவசம், மூலநிரல் திறந்தது. கம்பெனியின் சர்வர் நெரிசலில் திணறியபோது தங்கள் சொந்த மெஷினில் ஆட்டக்களம் வைத்துக்கொள்வது நோக்கம். 2002இல் கம்பெனி வழக்குப் போட்டது. ஆட்டத்தின் சிடி எண் அசல்தானா என்று சோதிக்கும் தகவல் கம்பெனியிடம் மட்டுமே இருந்தது, பிநெட்டியால் சோதிக்க முடியவில்லை, அதுவே குற்றமாயிற்று. 2005இல் அமெரிக்காவின் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது: சிடியை நிறுவும்போது 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தம் செல்லும், பிரித்துப் பார்த்து எழுதியது தவறு, 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தையும் மீறியது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்கு வேறொரு களம் கட்டுவது சட்டவிரோதம் என்பதே இதன் சாரம். சுண்ணாம்புக் கட்டி யார் கையில் என்ற கேள்விக்கு நீதிமன்றம் எழுத்தில் பதில் சொன்ன இடம் இது. திருட்டு நகல் வாதத்தை நான் ஒதுக்கவில்லை, பிநெட்டியில் திருட்டு நகலும் ஆடப்பட்டது உண்மை. திருடனைப் பிடிக்கிற சாக்கில் தெருவையே பட்டா போட்டுக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

2009இல் பிளிஸ்ஸார்டு 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆட்டத்தில் உள்நெட்வொர்க் வசதி இருக்காது என்று அறிவித்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2010 ஜூலை 27 அன்று ஆட்டம் அந்த வசதி இல்லாமலே வந்தது. ஒரே அறையில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருடைய ஆட்டமும் கம்பெனியின் சர்வருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். பரிசுப் பணம் வைத்த மேடைப் போட்டிகளிலேயே இணைப்பு அறுந்து, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 2012 மே மாதம் 'டையாப்லோ 3' வெளியான அன்று 'பிழை 37' என்ற செய்தியோடு சர்வர் படுத்துவிட, தனியாக ஆட நினைத்தவர்கள்கூட ஆட முடியவில்லை. இம்லாக் மெஷினில் முதன்முதலில் தனியாகச் சந்து சுற்றியவனுக்கு இருந்த உரிமைகூட இப்போது இல்லை.

*

2014 மே 31 அன்று 'கேம்ஸ்பை' என்ற சேவை மூடப்பட்டது. பல நூறு ஆட்டங்கள் எதிராளியைத் தேட அதையே நம்பியிருந்தன. அன்றோடு அவற்றின் இன்டர்நெட் ஆட்டம் நின்றது. அவற்றில் எவற்றின் மெனுவில் உள்நெட்வொர்க் என்ற ஒரு வரி மிச்சமிருந்ததோ அவை இரண்டு மெஷினும் ஒரு கேபிளும் உள்ள எந்த வீட்டிலும் ஓடின. 'டூம்' மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரிலும் 'குவேக்' மூலநிரலை 1999 டிசம்பரிலும் வெளியிட்டுவிட்டதால் அவற்றுக்கு அந்த வரிகூடத் தேவைப்படவில்லை. யார் யாரோ புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

1995இல் 'காலி' என்று ஒரு சிறு புரோகிராம் இருபது டாலருக்கு விற்றது. ஐ.பி.எக்ஸ். பேசும் ஆட்டத்திடம் இன்டர்நெட்டை மறைத்து, எதிராளி இதே கேபிளில்தான் தொங்குகிறான் என்று பொய் சொல்வது அதன் வேலை. கேம்ஸ்பை மூடியபின் ஆட்டக்காரர்கள் வேறு புரோகிராம்களை வைத்து அதே தந்திரத்தைத்தான் கையாள்கிறார்கள். இரண்டு ஊர்களில் இருக்கும் மெஷின்களுக்கு ஒரே வீட்டின் உள்முகவரிகளைக் கொடுத்து, ஆட்டத்தை நம்பவைத்து, மெனுவில் அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.